கொம்பு வரும் இடத்தில்

உன் மூக்குக் கண்ணாடிகள் இன்னும் என் ஜீப்பில்தான் குடியிருக்கின்றன. டேஷ்போர்டு பெட்டிக்குள், ஆர்.சி. புத்தகத்துக்கும் ஸ்பேனருக்கும் நடுவில், ஒரு கண்ணாடிக் குடும்பமே வாடகை தராமல் காலம் தள்ளுகிறது. இன்று காலை போளூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஆள் சேரட்டும் என்று காத்திருந்தபோது ஸ்பேனருக்காகக் கையை விட்டேன். கறுப்பு பிரேம் போட்டது அகப்பட்டது. எடுத்தவன் சும்மா வைத்திருக்கலாம். மாட்டிக்கொண்டேன்.

எதிரே இருந்த மருந்துக்கடை போர்டு கரைந்து எறும்புக் கூட்டமாகியது. போளூர் மலை ஒரு பக்கம் சாய்ந்தது. மனித எழுத்து என்று உலகத்தில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. உனக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டதோ என்று நான் நடுங்கிய நடுக்கத்தில் ஜீப்பின் நான்கு சக்கரமும் ஆடின. கழற்றினேன். மருந்துக்கடை திரும்பி வந்தது. பவர்தான் வேறு. உன் பவர் உன்னோடு போகட்டும் என்று பெட்டியை மூடினேன்.

நேற்று ஸ்டெல்லா பேசியது மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். உன் மகள் இன்னமும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், எழுத்துக் கூட்டத் திணறுகிற பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறாள். நேற்று ஒரு பிள்ளையின் தகப்பன் அவளிடம் கேட்டானாம்: "டீச்சர், இந்த டிஸ்லெக்சியா பெரியவங்களுக்குப் புதுசா வருமா?"

"அதுக்கு எங்க வூட்லயே ரெண்டு பதில் இருந்துச்சுன்னு சொன்னேன் மாமா" என்றாள்.

ஒரு பதில் நீ. இன்னொரு பதில், சபையோர் வியக்க, நான்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதியவன் நீ. உன் மனுவைப் படித்த அதிகாரி ஒருவர் தேம்பி அழுது, கேட்டவனுக்கு மலையில் பாதியைப் பட்டா போட்டுக் கொடுத்தார் என்று ஜமுனாமரத்தூர் வரைக்கும் பரப்பியவன் நான். யாரும் நம்பவில்லை. ஆனாலும் மனு எழுத உன்னிடம்தான் வந்தார்கள். எழுதி முடித்ததும் நீ அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவாய். அந்தக் குரலுக்காகவே பிரச்சினை இல்லாதவனும் ஒரு பிரச்சினையைத் தேடிக்கொண்டு வருவான்.

அதே குரல் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்து மாதா கோயிலில் கேட்கும். நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன் இல்லை. மலைமேல் எங்கள் சாமி வேறு. ஆனால் மேலேயிருந்து பூசைக்கு வருகிற குடும்பங்களை ஏற்றி வருவது என் ஜீப். பூசை முடியும்வரை வாசலில் சாய்ந்து நிற்பது நான். அப்படி நின்றே நான் பார்த்த பூசைகளைக் கணக்கெடுத்தால் எனக்கு எப்போதோ பிஷப் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

அங்கே நீ வாசிப்பதில் எனக்குப் பிடித்தது கல்யாண ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று. ஓலை போய்க் கம்ப்யூட்டர் தாள் வந்து ஒரு யுகம் ஆகியும் பேர் மட்டும் ஓலைதான். ஊரார் எல்லாருடைய ஓலையையும் வாசித்தவன் நீ. ஸ்டெல்லாவின் அம்மா தவறிய பிறகு உன் ஆசைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து கடைசியில் ஒன்றுதான் நின்றது. "எம் பொண்ணு ஓலைய நான் படிக்கணும்டா. அத்தோட மைக்க எவன்கிட்ட வேணா குடுத்துட்றேன்."

அந்தக் காலம் வந்தது. செங்கத்து மாப்பிள்ளை. நல்ல இடம். முதல் ஓலைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் நான் என் சிறுபாலத்தோடு உன் மேசைக்கு வந்தேன்.

எங்கள் ஊருக்கு ஏறும் வழியில் சிறுபாலம் உடைந்து கிடந்தது. "என் ஜீப்பு பறந்துதான் தாண்டுது, ஆகாய விமானம் ஓட்டற லைசென்ஸ் இல்லாம நான் எத்தினி நாள் ஓட்டறது, அப்படின்னு எழுது" என்றேன். நீ சிரிக்காமல் எழுதினாய். கை சரளமாகத்தான் ஓடியது. சுழி, புள்ளி, எல்லாம் முத்து முத்தாக. முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு, "படி, என் புகழ நானே கேக்கணும்" என்றேன்.

நீ தாளைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இன்னாடா இது?"

"இன்னாவா? மனு."

"யார் எழுதுனது?"

"எங்க பாட்டன். யோவ், இப்பதானய்யா நீ எழுதின. இங்க்கு கூட காயல."

"எழுதுனது நான்தான். ஆனா தமிழு மாதிரி இல்லடா. யாரோ கோலம் போட்டு, பாதில தண்ணி தெளிச்சிட்டுப் போன மாதிரி கெடக்குது."

வேடிக்கை செய்கிறாய் என்று நினைத்தேன். மலையிலேயே பெரிய பொய்யன் என்ற பட்டத்துக்குப் போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று கோபம்கூட வந்தது. "உன் பேர எழுது" என்றேன். எழுதினாய். தாளைக் கவிழ்த்து, வேப்பமரத்துக் காக்கையை ஒரு தரம் பார்க்கச் சொல்லி, திரும்பக் காட்டினேன். உன் பேர் உனக்குத் தெரியவில்லை. கையை நீட்டி டீயை எடுக்கப் போனாய். வலது பக்கம் இருந்த கிளாஸைக் காணாமல் தட்டிவிட்டாய். டீ மனுவின்மேல் ஓடியது.

நான் அந்த ஈரத் தாளை எடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, எழுத்துகளுக்கும் எனக்கும் பிறவிப் பகை. நான் பார்க்கும்போது ஒழுங்காக உட்காரும். படிக்கத் தொடங்கினால் ஒன்றின் இடத்தில் ஒன்று மாறி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். மக்கு என்று வாத்தியார் சொன்னார், அப்பா ஒத்துக்கொண்டார், நானும் கையெழுத்துப் போடாத குறையாக ஏற்றுக்கொண்டேன். அப்படிப்பட்ட நான் அன்று வேர்த்து விறுவிறுத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி, "ஐயா" வரைக்கும் படித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னைவிட அதிகம் படித்துவிட்டேன். கொண்டாடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிகள். கண்ணில்தான் கோளாறு என்று நீயாக முடிவு செய்தாய். போளூரில் ஒன்று, திருவண்ணாமலையில் ஒன்று, சந்தையில் குவித்து வைத்து விற்றவனிடம் ஒன்று. எதைப் போட்டாலும் தூரத்துத் தேங்காய் தெரிந்தது, பக்கத்து எழுத்து தெரியவில்லை. வீட்டில் வைத்தால் ஸ்டெல்லா கேட்பாள் என்று எல்லாவற்றையும் என் டேஷ்போர்டில் பதுக்கினாய்.

என்னிடம் ஒரு சித்தாந்தம் தயாராக இருந்தது. ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறதே அதுதான், வழி தவறி உன்னிடம் வந்துவிட்டது. நீ முறைத்தாய். "அது கொயந்தைங்களுக்கு. எனக்கு எப்பிட்றா வரும்?" பிறகு குரலை இறக்கி, "எதுக்கும் அவ கிட்ட கேட்டுப் பாரு. எனக்குன்னு சொல்லாத" என்றாய்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகும்போது, ராஜதந்திரிகள் வெட்கித் தலைகுனியும் சாமர்த்தியத்தோடு பேச்சை எடுத்தேன்.

"ஏம்மா, இந்த டிஸ்லெக்சியா வயசானவனுக்குத் திடீர்னு வருமா?"

"வராது மாமா. அது பொறப்புலேர்ந்தே இருக்கறது. சின்ன வயசுல யாரும் கண்டுக்காம வுட்டு, நாப்பது அம்பதுல தெரிய வரலாம். புதுசா வராது."

"அப்ப நல்லா படிச்சிக்கினு இருந்தவன் ஒரு நாள் படிக்க முடியலன்னா?"

அவள் தலையைத் திருப்பினாள். "அது வேற மாமா. அது தலைக்குள்ள எதுனா நடந்திருக்கும். அடைப்பு, ரத்தக்கசிவு, எதுவா வேணா இருக்கலாம். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போவணும். யாருக்கு?"

"என் மச்சினனுக்கு. நெல்லிவாசல்நாட்டுல."

"நாளைக்குன்னு கூட தள்ளாதீங்க." கொஞ்ச தூரம் போனதும் என்னையே பார்த்தபடி சொன்னாள்: "மாமா, நீங்க எந்த போர்டையும் படிக்க மாட்டேங்கறீங்க. கலர வெச்சிதான் சொல்றீங்க. உங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்தேவா?"

துப்பறியப் போனவன் மாட்டிக்கொண்டேன். ஹாரன் அடித்துப் பேச்சை மாற்றினேன். ரோட்டில் ஒரு கோழிகூட இல்லை.

அவள் சொன்னதை அப்படியே உன்னிடம் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். தலைக்குள் எரிமலை என்றேன். நீ அசையவில்லை. "இப்ப ஆஸ்பத்திரின்னு படுத்தா ஸ்டெல்லா கல்யாணத்தத் தள்ளி வெச்சிருவா. செங்கத்துல இன்னா நெனைப்பாங்க? ஓலை மூணும் முடியட்டும்."

"நீ முடிஞ்சிட்டின்னா?"

"படிச்சிட்டு முடியறேன்."

"எத்த வெச்சிப் படிப்ப?"

"எம் பொண்ணு ஓலை எனக்கு மனப்பாடம்டா."

உண்மைதான். முதல் ஞாயிறு நீ மேடையேறி, தாளைப் பிடித்துக்கொண்டு, ஸ்டெல்லாவின் ஓலையை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தாய். வாசலில் நின்ற நான் மூச்சை வெளியே விட்டேன். ஆனால் அன்றைக்கு ஓலை இரண்டு. இரண்டாவது மேலே மலைக்கிராமத்துக் குடும்பத்தினுடையது. "சவரி வூட்டு ஓலை" என்று மட்டும் கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை முன்கூட்டிச் சொல்லியிருந்தான். அந்த வீட்டில் உனக்குப் பேரளவில் தெரிந்த ஒரே ஆள் சவரிமுத்து. அவனுக்குக் கல்யாணமாகிவிட்டதும், சவரிநாதன் என்று ஒரு தம்பி இருப்பதும் உனக்குத் தெரியாது. தாளில் இருந்தது தம்பி பேர். நீ கம்பீரமாக அண்ணனுக்கு மணம் பேசி, பெண்ணின் பேரை விழுங்கி, "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று இழுத்தாய்.

பெண்கள் பக்கத்திலிருந்து சவரிமுத்துவின் மனைவி லூர்து எழுந்து நின்றாள்.

"தடை இருக்குது சாமி! நாந்தான் தடை! மூணு புள்ள பெத்த தடை!"

ஆண்கள் பக்கத்தில் சவரிமுத்து தன் கல்யாணச் சேதியை அப்போதுதான் கேட்டுத் திகைத்து உட்கார்ந்திருந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது லூர்து, சத்தியமா" என்று கோயிலுக்குள்ளேயே கும்பிட்டான். பீடத்துச் சம்மனசுகள் இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டன. கூரை சிரிப்பில் ஒரு முழம் மேலே போய் வந்தது. "பாத்துப் படிங்க, மேல பாத்து ஒப்பிக்காதீங்க!" என்று லூர்து போட்ட சத்தம் மலை உச்சிவரை கேட்டது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். உன் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. நேரே ஜீப்புக்கு வந்தாள்.

"நெல்லிவாசல்நாட்டு மச்சினன் இவர்தானா மாமா?"

அன்றைக்கே வேலூர். நான் ஓட்டிய வேகத்தில் ஆற்காடு மண்ணின் பழைய நவாபுகள் எழுந்து வழிவிட்டிருப்பார்கள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையின் பின்பக்கம் இடது புறத்தில் சின்னதாக ஒரு அடைப்பு, கொஞ்ச நாளுக்கு முன்பே நடந்திருக்கிறது என்றார். அதனால்தான் வலது பக்கத்து டீ கிளாஸ் தெரியவில்லை. எழுதும் இடம் பிழைத்திருக்கிறது, கண் பார்த்ததை எழுத்தாக அறியும் வழி அறுந்திருக்கிறது. அது டிஸ்லெக்சியா அல்ல. படிக்கத் தெரிந்தவன் படிப்பை இழப்பது. எனக்குப் புரிந்த மாதிரி உனக்குச் சொன்னேன்: "மலைலேர்ந்து எறங்கற ரோடு நல்லா கீது. ஏறி வர்ற ரோட்டுல பாறை வுழுந்திருக்குது." நீ தலையாட்டினாய். "பாறைய எடுப்பாங்களா?" என்றாய். டாக்டர் மாத்திரையைத்தான் தந்தார். இன்னொரு பாறை விழாமல் பார்க்க. வாக்கு எதுவும் தரவில்லை.

கல்யாணம் தள்ளிப் போகவில்லை. செங்கத்துக்காரர்கள் ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீ பயந்த பயம் முழுக்க வீண். ஸ்டெல்லா மட்டும் இரண்டு பொழுது மாத்திரையை உன் முன்னால் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து மணல் பரப்பிய தட்டைக் கொண்டு வந்து நம் இருவர் முன்னாலும் வைத்தாள். ஆம், என் முன்னாலும்.

"கண்ணுக்குத் தெரியாதது வெரலுக்குத் தெரியும்பா. எழுத்து மேல வெரல ஓட்டுங்க. எழுதற மாதிரி."

உன் விரல் 'அ'வின் சுழியில் தொடங்கி வளைந்து இறங்கியது. முடிந்த இடத்தில் உன் வாய் தானாகத் திறந்து, "அ" என்றது. இறங்குகிற ரோட்டிலேயே பின்பக்கமாக ஏறி வந்துவிட்டாய்! நான் விரலை ஓட்டியபோது எழுத்துகள் முதல் தடவையாக இடம் மாறாமல் உட்கார்ந்தன. பக்கத்தில் பக்கத்தில் வயசான இரண்டு கழுதைகள். ஒன்றுக்குப் பிறப்பிலிருந்தே இருந்து அன்றுதான் பேர் தெரிந்தது. இன்னொன்றுக்கு அந்த வயசுவரை இல்லாமல் இருந்து வேறு பேரோடு வந்தது. மருந்து மட்டும் ஒரே மணல்.

எழுத்துக்கு முன்னால் போடுகிற கொம்பில்தான் இருவரும் மாட்டினோம். தமிழில் கொம்பு என்பது மந்திரி காருக்கு முன்னால் வருகிற போலீஸ் ஜீப். முதலில் அது வந்துவிடும்; பின்னால் வருவது யார் என்று சொல்லாது. விரல் கொம்பைச் சுழித்துவிட்டு, அடுத்த எழுத்தை முழுக்க எழுதி முடிக்கும்வரை வாய் காத்திருக்க வேண்டும். "கொம்பு வந்தா நில்லுங்க" என்றாள் ஸ்டெல்லா. "அவசரப்பட்டா மூஞ்ச மாத்திச் சொல்லிருவீங்க."

இரண்டாம் ஞாயிறு சாமியாரே ஓலை வாசித்தார். நீ பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். "மூணாம் ஞாயிறு நான் படிக்கறேன்" என்று நீயே சாமியாரிடம் போய்க் கேட்டாய். ஒப்பித்துவிடேன், எவனுக்குத் தெரியப் போகிறது என்று நான் யோசனை சொன்னேன். "ஒப்பிச்சா அது ஓலை இல்லடா. லூர்து சொன்னது சரி. பாத்துப் படிக்கணும்."

உன் சம்பந்தி வீட்டார் பேர் வைக்கும்போதே கொம்பு கொம்பாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். செங்கம் பங்கு. பெரியநாயகம், தெரசம்மாள் இவர்களின் மகன் ஜெயசீலன். நீ தாளின்மேல் விரல் வைத்தாய். பார்க்கிறவர்களுக்கு வரி பிடித்துப் படிப்பதுபோல் இருந்தது. கொம்பு வந்தது. நின்றாய். கோயில் நின்றது. "செங்கம்" என்றாய். மறுபடி கொம்பு. மறுபடி நின்றாய்.

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "பொண்ணப் பெத்தவன் மனசு பாரு, தொண்டை அடைக்குது" என்று ஒரு குரல். 'பெரியநாயகம்' முன்னால் நீ நின்ற நேரத்தில் முன்வரிசை அழுதது. 'தெரசம்மாள்' வந்தபோது பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. 'ஜெயசீலன்' வருவதற்குள் சாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கோயில்பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டான். அந்த வருஷம் செய்யாற்றில் தண்ணீர் வந்ததற்கு மழை காரணம் என்கிறவர்கள் அன்று கோயிலுக்கு வராதவர்கள். எல்லாரையும்விட உரக்க அழுதவள் லூர்து.

கடைசியில் உன் மகள் பேர். 'ஸ்'ஸைத் தாண்டினாய். கொம்பு. அதுவரை நின்றதிலேயே நீண்ட நிறுத்தம் அதுதான். அது கொம்புக்காகவா, வேறு ஒன்றுக்காகவா என்று நான் பிறகும் உன்னைக் கேட்கவில்லை. கோயிலில் அழாமல் இருந்தவள் ஸ்டெல்லா ஒருத்திதான். அவள் உதடு உன் விரலோடு சேர்ந்து அசைந்தது.

"ஸ்டெல்லா" என்றாய்.

பிறகு, "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று தொடங்கியதும் எல்லாத் தலையும் ஒரே திசையில் திரும்பியது. லூர்து எழுந்தாள். மூக்கைச் சிந்தினாள். "ஒரு தடையும் இல்ல சாமி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் என் காதில் கேட்டாய்: "எல்லாரும் ஏன்டா அழுதாங்க?"

"நீ படிச்ச லட்சணம் அப்படி."

அதற்குப் பிறகு சில வருஷம் வேப்பமரத்தடியில் நாம் கூட்டுக் கம்பெனி நடத்தினோம். நீ எழுதுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, விரலை ஓட்டி, படித்துக் காட்டுவேன். எழுதியவனால் பார்த்ததும் படிக்க முடியாது, படிப்பவனால் பிழையில்லாமல் எழுத முடியாது. இப்படி ஒரு ஆபீசை எந்த அரசாங்கமும் கண்டதில்லை. என் சிறுபாலத்துக்கு மட்டும் பல மனு போட்டோம். பாலம் உடைந்தபடியே இருக்கிறது. நீதான் இல்லை. இன்னொரு பாறை விழுந்தது, இந்த முறை எந்த ரோடும் மிஞ்சவில்லை. கல்லறையில் உன் பேரைச் செதுக்கியிருக்கிறார்கள். விரல் வைத்துப் பார்த்தேன். பிழை இல்லை.

இந்த மடலை நானே எழுதுகிறேன், ஒரு கோயில் கட்டி முடிக்கிற வேகத்தில். ஸ்டெல்லா பிழை திருத்துவாள். நீ இதைப் படிக்கப் போவதில்லை என்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. இருந்திருந்தாலும் நான்தானே படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

காலையில் ஆள் சேர்ந்ததும் வண்டியை எடுத்தேன். முன்சீட்டில் புளிக் கூடையோடு லூர்து. செங்கம் ரோடு பிரிகிற இடத்தில் பச்சை போர்டு வந்தது. இப்போதெல்லாம் நான் கலரைப் பார்ப்பதில்லை. என் ஆள்காட்டி விரல் ஸ்டீயரிங்மேல் தானாகச் சுழித்தது. சுழித்துவிட்டு, பின்னால் வருவது யார் என்று காத்திருந்தது. வண்டி மெதுவாகி, நின்றேவிட்டது.

"இன்னாண்ணே, நின்னுட்ட? முன்னால எதுனா தடையா?" என்றாள் லூர்து.

"தடை ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "கொம்பு வருது."